ரிவால்வர் பூட்டு பற்றிக் கேட்ட தம்பிக்கு

தம்பி, ஹூஸ்டனுக்குப் புதுசு, எச்1பி என்கிற தற்காலிக வேலை விசா, பக்கத்து வீட்டில் நகை திருட்டு, நண்பர் தன் பழைய ஸ்மித் அண்ட் வெஸன் ரிவால்வரைத் தருகிறேன் என்கிறார். நாலு வயசுப் பையன் இருக்கிற வீட்டுக்கு அதன் உள்பூட்டு போதுமா, தோட்டா என்ன விலை? இதுதானே உங்கள் கேள்வி?

முதலில் அதைத் தொடாதீர்கள். எச்1பி-யில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. வக்கீலைக் கேட்காமல் அதை நம்பி இறங்காதீர்கள். "டெக்சாஸ்ல எல்லாம் ஓகே" என்று பாட்லக் விருந்தில் அளக்கிற நம்மாட்கள் யாரும் உங்கள் விசாவுக்கு வந்து நிற்கமாட்டார்கள். அவர்களில் பாதிப் பேர் துப்பாக்கியை வாட்ஸப்பில் படம் போடத்தான் வாங்கினார்கள்.

இனி பூட்டு. தோட்டா போடும் உருளையான சிலிண்டரைத் திறக்கும் பொத்தானுக்கு மேலே சின்னத் துளை இருக்கும். அதில் சாவியைத் திருப்பினால் ஹாமர், அதாவது தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தி, நகராது. 2001-இல் ஒரு பூட்டுக் கம்பெனி ஸ்மித் அண்ட் வெஸனையே வாங்கியது. அதன் பிறகுதான் இது வந்தது. சுடும்போது தானாகவே பூட்டிக்கொள்ளும் என்று பழைய ஆட்கள் திட்டுவார்கள். எடை குறைந்த, உதைப்பு அதிகமான மாடல்களில் அப்படி நடந்ததாகச் சொல்வதுண்டு. என் கவலை அதுவல்ல. அவசரத்துக்கு வேண்டும் என்று வாங்கியவன் அதைப் பூட்டியே வைக்கமாட்டான். பூட்டினாலும் திருடன் துப்பாக்கியோடு போய்விடுவான். ஒரு ரிவால்வரின் சாவி இன்னொன்றின் பூட்டையும் திறக்கும். பையன் கைக்கு எட்டாமல் இருக்க இரும்புப் பெட்டிதான் வேண்டும், பூட்டு அதற்கு மேல் ஒரு காவல், அவ்வளவே. இங்கே தோட்டா நிரப்பிய துப்பாக்கியை அஜாக்கிரதையாக வைத்து, அது 17 வயதுக்குக் கீழான பிள்ளை கைக்குக் கிடைத்துவிட்டாலே வழக்கு.

நானும் வைத்திருக்கிறேன், கிரீன் கார்டு வந்தபின் வாங்கியது. பெட்டிக்குள், பூட்டோடு. வந்த புதிதில் ஹில்கிராஃப்ட் பக்கம் ஒரு அபார்ட்மென்டில் இருந்தோம். கார் கண்ணாடியை உடைத்து என் லேப்டாப்பைக் கொண்டுபோனார்கள். மேனேஜரிடம் சொன்னால் "பார்க்கிங் உங்கள் பொறுப்பு" என்றார். அன்றைக்கு எனக்கும் துப்பாக்கி ஆசை வந்தது. மனைவி மறுநாளே தாலிக்கொடி தவிர எல்லா நகையையும் பேங்க் லாக்கரில் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு ராத்திரி சத்தம் கேட்டாலும் நான் எழுந்திருப்பதில்லை. நகைத் திருடன் வருவது தங்கத்துக்குத்தான், உங்களையும் லாக்கர் பக்கம் போகச் சொல்வேன். தோட்டா விலையெல்லாம் கார்டு வந்தபின் கேளுங்கள்.