கம்யூனிஸ்ட் ஆட்சி போன நாடுகள்ல இளைஞர் வேலையும் ஓட்டும்: கேள்வி பதில்

ஸ்லொவேனியா தலைநகர் லுப்லியானாவுல பப்ளிக் பாலிசி படிச்சேன், அப்புறம் ஜாக்ரெப் (குரோஷியா), ஸ்கோப்யே (வட மாசிடோனியா)ன்னு ஆறு வருஷம் இளைஞர் வேலைத் திட்டங்கள மதிப்பீடு பண்ற வேலை. சாயங்காலம் வரைக்கும் இருக்கேன், கேளுங்க. பால்கன், பால்டிக், போலந்து பக்கம் மட்டும். மத்திய ஆசியா இன்னிக்கு வேண்டாம்.

சேலம் பட்டதாரி: அக்கா, 2013ல குரோஷியாவுல இளைஞர் வேலையின்மை 50 சதவீதம்னு படிச்சேன். ரெண்டு பேர்ல ஒருத்தர் சும்மா இருந்தாங்களா?

இல்ல தம்பி. 15 வயசுலேருந்து 24 வரைக்கும் 100 பேர் இருக்காங்கன்னு வச்சுக்கோங்க. 70 பேர் படிச்சுட்டு இருக்காங்க, வேலை தேடல, அதனால கணக்குலயே வரமாட்டாங்க. மீதி 30ல 15 பேருக்கு வேலை இருக்கு, 15 பேர் தேடுறாங்க, உடனே 50 சதவீதம்னு தலைப்பு போட்டுருவாங்க. மொத்த பசங்கள்ல பாத்தா அது 15 தான். அதனால நான் எப்பவும் நீட் கணக்கத்தான் மொதல்ல பாப்பேன், நம்ம மெடிக்கல் பரீட்சை இல்ல, படிப்பு, வேலை, பயிற்சி மூணுலயும் இல்லாதவங்க எத்தனை பேருங்கற கணக்கு. 2023ல ருமேனியாவுல 15-29 வயசுக்குள்ள கிட்டத்தட்ட 19 சதவீதம் பேர் அப்படி இருந்தாங்க, ஐரோப்பிய ஒன்றிய சராசரி 11 சொச்சம்.

இன்னொண்ணு, இத நான் பஸ் கணக்குன்னு சொல்வேன். 2013 ஜூலைல குரோஷியா ஒன்றியத்துல சேந்துச்சு, பசங்க ஜெர்மனிக்கும் அயர்லாந்துக்கும் பஸ் ஏறிட்டாங்க. 2011 சென்சஸ்ல 42.8 லட்சம் பேர் இருந்த நாடு 2021ல 38.7 லட்சம். அப்புறம் வேலையின்மை குறைஞ்சுதுன்னு ஒரு அமைச்சர் சொன்னா, திட்டத்தால எவ்வளவு குறைஞ்சுது, பஸ்ஸால எவ்வளவு குறைஞ்சுதுன்னு கேக்கணும். இத கேக்காம எந்த பெருமையையும் நம்பாதீங்க.

கோவை: போலந்து வொர்க் விசா எவ்ளோ நாள்ல வரும்?

அது என் துறை இல்லங்க. தூதரகத்த நேரடியா கேளுங்க, ஏஜென்ட் கையில பணம் குடுக்காதீங்க.

கவர்மென்ட் எக்ஸாம் படிக்கிறவ: சம்பளமில்லா இன்டர்ன்ஷிப்ப அரசாங்கமே நடத்தின நாடு இருக்கா?

இருக்கு, குரோஷியாதான். அங்க டிகிரி முடிச்சவங்க பல வேலைகளுக்கு தேர்வு எழுதணும்னா ஒரு வருஷ அனுபவம் வேணும், அனுபவம் இல்லாம வேலை இல்ல, வேலை இல்லாம அனுபவம் இல்ல. அதுக்கு மருந்துன்னு 2012ல ஒரு திட்டத்த பெருசாக்கினாங்க, பேரே "வேலை உறவு இல்லாமல் தொழிற்பயிற்சி". மாசம் 1600 குனா (அப்ப அந்த நாட்டுப் பணம்), அதையும் அரசாங்கமே குடுத்துச்சு, வேலைக்கு வைக்கறவர் கையிலேருந்து சம்பளம்னு ஒண்ணும் போகல. பள்ளிக்கூடம், கோர்ட், நகராட்சி ஆபீஸ் எல்லாத்துக்கும் இது இனிச்சுது. அதுவரைக்கும் ஜூனியர் போஸ்ட்னு விளம்பரம் பண்ணி நிரப்பின இடத்துல அப்புறம் வருஷா வருஷம் புது ஆள் மாத்தி மாத்தி உக்காந்தாங்க, ஒருத்தருக்கும் நிரந்தரம் கிடைக்கல. அப்புறமா தொகைய 2400 குனா ஆக்கினாங்க, ஆனா கோளாறு தொகையில இல்ல, முறையான மொத வேலைங்கற ஒண்ணையே அது முழுங்கிடுச்சு. நான் பேசின பொண்ணுங்கள்ல ஒருத்தி சொன்னது இன்னும் மனசுல இருக்கு, "பதினோரு மாசம் கிளாஸ் எடுத்தேன், ஸ்டாஃப் லிஸ்ட்ல என் பேர் ஒரு நாள் கூட வரல"ன்னு. அந்த வருஷம் அந்த பொண்ணு "வேலையில்லாதவங்க" கணக்குலயும் வரமாட்டா. அதான் சொல்றேன், எண்ணிக்கைய மட்டும் பாக்காதீங்க.

என்.சி.பி.எச் வாசகன்: தோழர், அந்த காலத்துல வேலையில்லாதவனே கிடையாது. படிப்பு முடிச்சா அரசே வேலைக்கு அனுப்புச்சு. அத இடிச்சுட்டு இப்ப திட்டம் திட்டம்னு பேசறீங்க.

அனுப்புச்சு தோழர், உண்மை. சோவியத் யூனியன்ல ராஸ்ப்ரெதெலேனியேன்னு பேரு, பட்டதாரிங்கள பங்கு போட்டு அனுப்பறது, போன எடத்துல 3 வருஷம் இருக்கணும். ஆனா மறுபக்கமும் இருக்கு. வேலைக்கு போகாம இருந்தா அது குற்றம், "ஒட்டுண்ணி"ன்னு கேஸ் போடுவாங்க. 1964ல பிராட்ஸ்கிய, 23 வயசுக் கவிஞன, அந்த சட்டத்துல அஞ்சு வருஷம் வடக்க அனுப்ப தீர்ப்பாச்சு. பெலாரஸ்ல இன்னிக்கும் அரசு செலவுல படிச்சவங்க 2 வருஷம் சொன்ன எடத்துல வேலை பாக்கணும். 2015ல அங்க வருஷத்துல 183 நாள் வேலை பாக்காதவங்க அரசுக்கு பணம் கட்டணும்னு ஆணை போட்டாங்க, 2017ல ஜனங்க தெருவுக்கு வந்தாங்க.

என்.சி.பி.எச் வாசகன்: ஒரு கவிஞர காட்டி கோடிக்கணக்கான பேரோட வேலைய தள்ளிவிடாதீங்க.

நியாயமான அடி, ஒத்துக்கறேன். 1990க்கு அப்புறம் நிஜமா உடைஞ்சது பள்ளிக்கூடத்துலேருந்து வேலைக்கு போற பாலம். ஒரு பெரிய ஃபேக்டரி இருந்தா அதோட ஒட்டி ஒரு தொழிற்பள்ளி, ஹாஸ்டல், குழந்தைங்க காப்பகம் எல்லாம் இருக்கும். பையன் பதினஞ்சு வயசுல உள்ள போனா பதினெட்டுல தொழில் கத்து அதே கேட் வழியா வேலைக்கு போவான். ஃபேக்டரி மூடினதும் பள்ளிக்கூடம் அனாதையாச்சு, இல்லாத மிஷினுக்கு பத்து பதினஞ்சு வருஷம் பாடம் நடத்தினாங்க. போலந்துல 2002 வாக்குல இளைஞர் வேலையின்மை 40 சதவீதத்த தாண்டினதுக்கு இதுவும் ஒரு காரணம். இத சொல்லாம பழசு எல்லாம் மோசம்னு பேசறவங்களோட நானும் சண்டை போட்டிருக்கேன்.

திருச்சி: தோழர் சொல்றது யூகோஸ்லாவியாவுக்கும் பொருந்துமா?

பொருந்தாது, இந்த எடத்துல தோழர் கொஞ்சம் இறங்கி வரணும். யூகோஸ்லாவியாவுல வேலையின்மை வெளிப்படையாவே இருந்துச்சு. 1968ல மேற்கு ஜெர்மனியோட ஒப்பந்தம் போட்டு ஆளுங்கள அனுப்பினாங்க, பஸ் கணக்கு அப்பவே ஆரம்பம். 1980களின் நடுவுல சுமார் 10 லட்சம் பேர் வேலை கேட்டு பதிவு பண்ணியிருந்தாங்க, பெரும்பாலும் சின்ன வயசுக்காரங்க.

என்.சி.பி.எச் வாசகன்: யூகோஸ்லாவியா தலைவர் டிட்டோவோடது சந்தை சோசலிசம், அத கணக்குல சேக்க முடியாது.

அப்ப எந்த நாட்ட சேக்கலாம்னு நீங்களே சொல்லுங்க தோழர், பிடிச்ச நாட்ட மட்டும் எண்ணினா விவாதம் நடக்காது. மத்தவங்க கேள்விக்கு போறேன், திரும்பி வரேன்.

நாகர்கோவில்: போலந்துல வேர்ஹவுஸ் வேலை...

மேல சொல்லிட்டேன், தூதரகம்.

ஐ.டி. பொண்ணு: சின்ன வயசுக்காரங்களுக்கு டேக்ஸே இல்லன்னு ஏதோ நாடு பண்ணுச்சே, நல்லதுதானே?

போலந்து, 2019 ஆகஸ்ட்லேருந்து, 26 வயசுக்குள்ள வருஷம் 85,528 ஸ்லாட்டி (போலந்து பணம்) வரைக்கும் வருமான வரி இல்ல. 2022லேருந்து ஹங்கேரியும் 25க்குள்ள அப்படி. நல்ல சம்பளத்துல இருக்கற உங்கள மாதிரி ஆளுக்கு நல்லதுதான். ஆனா அங்க பசங்களோட வலி டேக்ஸ் இல்ல, "ஷ்மியெச்சுஃப்கா", குப்பை காண்ட்ராக்ட்னு அவங்களே சொல்றது, தொழிலாளர் சட்டப் பாதுகாப்பு இல்லாத ஒப்பந்தம். 26க்கு கீழ இருக்கற ஸ்டூடன்ட்ட அந்த காண்ட்ராக்ட்ல வச்சா முதலாளி பென்ஷன் பங்களிப்பு கட்ட வேண்டாம். அதனால இருபத்தாறாவது பிறந்தநாள் அன்னிக்கு அந்த ஆள் திடீர்னு காஸ்ட்லி ஆயிடறாரு. வரிய எடுத்தாங்க, இத தொடல.

புதுச்சேரி: நீங்க ஸ்லொவேனியாவுல படிச்சீங்களே, அங்க எப்படி?

இத கேட்டதுக்கு சந்தோஷம், என்னோட தலைப்பு இதுதான். அங்க ஸ்டூடன்ட் சர்வீஸ்னு ஏஜென்சிங்க உண்டு, படிக்கிறவங்க அது வழியாத்தான் வேலைக்கு போவாங்க. நானும் ஒரு கிடங்குல பெட்டி அடுக்கினேன். அந்த வேலைக்கு முதலாளி கட்டற தொகையில ஒரு பங்கு மாணவர் அமைப்புக்கு போகும். அதனால அந்த ஊர் மாணவர் அமைப்புக்கு கையில சொந்த பணம் உண்டு, யார் தயவும் வேண்டாம், வக்கீல் வைக்கலாம், கையெழுத்து இயக்கம் நடத்தலாம். 2010ல அரசாங்கம் "சின்ன வேலை"ன்னு ஒரு சட்டம் கொண்டு வந்துச்சு, மாணவர், வேலையில்லாதவங்க, ஓய்வு பெற்றவங்க எல்லாரையும் ஒரே வகைல போட்டு, மணி நேரத்துக்கு வரம்பு வச்சு. மாணவர் அமைப்பு எதிர்த்து நின்னு பொது வாக்கெடுப்புக்கு இழுத்தாங்க, 2011 ஏப்ரல் 10 அன்னிக்கு சுமார் 80 சதவீதம் பேர் வேண்டாம்னு போட்டாங்க.

நானும் மொதல்ல அத இளைஞர் வெற்றின்னுதான் நினைச்சேன். கிடங்குல என் பக்கத்துல 28 வயசு பையன் ஒருத்தன், படிப்பு முடிஞ்சு போச்சு, மாணவர் கார்டு இல்ல, அதே பெட்டிய அடுக்கறதுக்கு அவன வைக்கறத விட என்னைய வைக்கறது முதலாளிக்கு லாபம். அவனுக்கு பேச அமைப்பு இல்ல. இருக்கற பலமான ஒரே அமைப்போட வருமானம் அந்த மலிவான வேலைலேருந்தே வருது. அதான் எந்த இளைஞர் அமைப்ப பாத்தாலும் பணம் எங்கேருந்து வருதுன்னு மொதல்ல கேக்கறேன். 2015 பிப்ரவரில ஓரளவு சரி பண்ணாங்க, மணிக்கு குறைஞ்சது 4.50 யூரோ, பென்ஷனுக்கும் பங்களிப்பு.

மதுரை: இளைஞர் கவுன்சில், இளைஞர் பாராளுமன்றம் எல்லாம் வேலைக்காகுதா?

பட்ஜெட் மேல கை இல்லாத கவுன்சில் போட்டோ எடுக்கத்தான். லித்துவேனியாவுல தேசிய அளவுல அரசு பாதி, இளைஞர் அமைப்புங்க பாதின்னு சரிசமமா உக்காருவாங்க, 60 நகராட்சிலயும் இளைஞர் விவகாரத்துக்குன்னு ஒரு அதிகாரி. ருமேனியாவுல க்ளூஷ் ஊர்ல 2015ல மூணு பேர் சேந்தா போதும், பதிவு பண்ண சங்கம் வேண்டாம், ஐடியா குடுத்து ஊர்க்காரங்க ஓட்டு வாங்கினா பணம். எஸ்தோனியாவுல 2017 உள்ளாட்சி தேர்தல்லேருந்து 16 வயசுக்கே ஓட்டு. இந்த மூணும் எனக்கு பிடிக்கும்.

திருநெல்வேலி: அக்கா போலந்து விசா

வேண்டாம்ப்பா, மூணாவது தடவை.

என்.சி.பி.எச் வாசகன்: சரி, எந்த நாடுன்னு கேட்டீங்கள்ல, போஸ்னியா. சோசலிசம் கட்டின ஃபேக்டரிய தனியார்கிட்ட குடுத்தீங்க, என்னாச்சு?

வந்துட்டீங்களா தோழர். இதுல உங்க பக்கம் நிக்கறேன். போஸ்னியாவுல டூஸ்லா நகரம், 2014 பிப்ரவரி. தனியாருக்கு வித்து, உள்ள இருந்தத எல்லாம் உருவி, மூடின கம்பெனிங்களோட தொழிலாளிங்க சம்பள பாக்கி கேட்டு தெருவுக்கு வந்தாங்க, பசங்க பின்னாலேயே வந்தாங்க. அந்த சமயம் நாட்டுல இளைஞர் வேலையின்மை 60 சதவீதத்துக்கு மேல (இந்த சதவீதத்த மட்டும் பாக்காதீங்கன்னு நானே சொன்னேன், ஆனா இங்க நீட் பாத்தாலும் மோசம்தான்). மாகாண அரசு ராஜினாமா பண்ணுச்சு.

அடுத்து நடந்ததுதான் நீங்க விடற பகுதி. கட்சி வரல, தலைவர் வரல. ப்ளீனம்னு ஹால்ல கூடினாங்க, யார் வேணா வரலாம், ஒருத்தருக்கு ஒரு கை, தீர்மானம் போட்டு மாகாண சபைக்கு அனுப்பினாங்க. அந்த முறைய 2009ல ஜாக்ரெப் மாணவங்க இலவச படிப்பு கேட்டு காலேஜ 35 நாள் பிடிச்சு வச்சப்ப பழகினது. அதே முறைதான் 2024 நவம்பர் 1 நோவி சாத் ரயில்வே ஸ்டேஷன் கூரை விழுந்து 16 பேர் செத்த பிறகு செர்பியா மாணவங்க எடுத்தது, 2025 ஜனவரில அவங்க பிரதமர் ராஜினாமா பண்ண வேண்டி வந்துச்சு. நோவி சாத் 2019ல ஐரோப்பிய இளைஞர் தலைநகரம்னு பட்டம் வாங்கின ஊரு.

டூஸ்லா ப்ளீனம் கேட்டதுல ஒண்ணு, பதவி போன அப்புறமும் அரசியல்வாதிங்க மாசக்கணக்கா சம்பளம் வாங்கறத நிறுத்தணும்னு. "வெள்ள ரொட்டி"ன்னு ஊர்ல அதுக்கு பேரு. சபை ஓட்டு போட்டு அத எடுத்துச்சு.