மலைக்கு இருபுறமும் கல்லூரிக் கட்டணம்: கேள்வி பதில்

கல்லூரிச் சேர்க்கை தொடங்கிவிட்டதால், மலைக்குக் கீழே தமிழ்நாட்டின் கூடலூர், கம்பம், மலைக்கு மேலே கேரளத்தின் குமுளி, வண்டிப்பெரியாறு பகுதிகளிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். வங்கியின் கடன் பிரிவில் மலைக்குக் கீழே பாதிக் காலமும் மலைக்கு மேலே பாதிக் காலமும் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. எனவே எந்தக் கல்லூரி சிறந்தது என்று என்னிடம் கேட்க வேண்டாம்.

கூடலூர், மாணவரின் தந்தை: மகனுக்குக் கவுன்சிலிங்கில் பொறியியல் இடம் கிடைத்திருக்கிறது. ஆண்டுக்கு ஒரு லட்சம் ஆகும். படிப்பு முடிந்து ஓராண்டு வரை எதுவும் கட்ட வேண்டாம் என்கிறார்கள். அதுவரை வட்டியும் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

அப்படி எடுத்துக்கொண்டவர்கள்தான் ஐந்தாம் ஆண்டு பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்து, "நான்கு லட்சம்தானே வாங்கினோம்?" என்று கேட்டார்கள். தவணைதான் தள்ளிப்போகிறதே தவிர, முதல் ரூபாய் கல்லூரிக்குப் போன நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடுகிறது. கணக்குப் போட எளிதாக 10 சதவீதத் தனிவட்டி என்று வைத்துக்கொள்வோம். முதலாண்டு வாங்கிய லட்சம், நான்கு ஆண்டுப் படிப்பும் அதன் பின் ஓராண்டும் ஆக ஐந்து ஆண்டுகள் நிற்பதால் 50,000 ரூபாய் வட்டி ஏறும். இரண்டாவது லட்சத்துக்கு 40,000, மூன்றாவதற்கு 30,000, நான்காவதற்கு 20,000. தவணை தொடங்கும் நாளில் உங்கள் கடன் 5,40,000 ரூபாய். அதைப் பத்து ஆண்டுகளில் அடைக்க மாதம் ஏறத்தாழ 7,140 ரூபாய் கட்ட வேண்டும். மாறாக, படிக்கும் காலத்திலேயே வட்டியை மட்டும் கட்டி வந்தால், முதலாண்டு மாதம் 830 ரூபாய் அளவில் தொடங்கி நான்காம் ஆண்டிலும் அதற்கடுத்த ஓராண்டிலும் 3,330 வரை போகும். ஆனால் தவணை 5,290 ரூபாய்க்குள் நின்றுவிடும். அவ்வாறு கட்டுபவர்களுக்குப் பல வங்கிகள் வட்டியில் ஒரு சதவீதம் குறைக்கவும் செய்கின்றன.

குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்கு மேற்படாவிட்டால், தொழிற்படிப்புகளுக்கு, படிக்கும் காலத்துக்கும் அதன் பின் ஓராண்டுக்கும் ஆன வட்டியை மத்திய அரசே ஏற்கும் மானியம் 2009 முதல் உண்டு. வருமானச் சான்றிதழை வங்கியில் கொடுத்துவிட்டதோடு நின்றுவிடாமல், மானியத்துக்கு உங்கள் பெயர் பதிவேறியதா என்று ஆண்டுதோறும் நேரில் போய்க் கேளுங்கள். பையன் நடுவில் படிப்பை நிறுத்திவிட்டால் அந்த மானியம் போய்விடும். மருத்துவக் காரணத்துக்கு மட்டுமே விலக்கு.

கம்பம், மாணவி: பிணையாக நிலமோ வீடோ கேட்பார்களா?

4 லட்சம் வரை கேட்கக் கூடாது. பெற்றோர் உடன் கையெழுத்திட்டால் போதும். 7.5 லட்சம் வரை அரசின் கடன் உத்தரவாத நிதி இருப்பதால், அதன் கீழ் வரும் கடனுக்கும் சொத்துப் பிணை தேவையில்லை.

குமுளி, ஏலக்காய் வியாபாரி: நகைக் கடன் அரை மணி நேரத்தில் கிடைக்கிறது, கல்விக் கடனுக்கு மாதக் கணக்கில் அலைய வேண்டும். பீரோவில் தூங்கும் நகையை வைத்துப் படிக்க வைக்காமல், பதினெட்டு வயதுப் பிள்ளையின் தலையில் எதற்குக் கடனை ஏற்ற வேண்டும்?

ஐயா, வியாபாரக் கண்ணோடு பார்த்தால் நீங்கள் கேட்பது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் நகைக் கடன் பெரும்பாலும் ஓராண்டுக் கடன். படிப்போ மூன்று அல்லது நான்கு ஆண்டுகள். ஆண்டு முடியும்போது திருப்பி வைக்கப் பணம் வேண்டும். அந்த மாதத்தில் போடி ஏலத்தில் காய் விலை விழுந்திருந்தால் அந்தப் பணம் எங்கிருந்து வரும்? மலையிலிருந்து ஓர் அம்மா வந்தது நினைவிருக்கிறது. மகளின் இரண்டாம் ஆண்டுக் கட்டணத்துக்காகத் தனியார் அடகுக் கடை ஒன்றில் சங்கிலியை வைத்து, கைமாற்று வாங்கி வாங்கி மூன்று முறை திருப்பி வைத்திருந்தார். நான்காவது முறை முடியவில்லை. ஏல அறிவிப்பைச் சுருக்குப் பைக்குள் எட்டாக மடித்து வைத்திருந்தார். நான் விரித்தபோது மடிப்புகளில் எழுத்தே தேய்ந்துபோயிருந்தது. அறிவிப்பில் இருந்த தேதியும் கடந்திருந்தது. நகை மூழ்கியது, இறுதியாண்டுக் கட்டணம் அப்படியே நின்றது.

அதே வியாபாரி: அது கைமாற்று வாங்கியதன் குற்றம், நகைக் கடனின் குற்றம் அல்ல. நகை மூழ்கினால் நகையோடு போயிற்று. கல்விக் கடன் நின்றால் பிள்ளையின் பெயரே கெட்டுப்போகும். நாளை வீட்டுக் கடன் கேட்டாலும் கதவு மூடும்.

இரண்டாவது பாதியை ஒப்புக்கொள்கிறேன். கல்விக் கடன் பிள்ளையின் பெயரிலேயே பதிவாகிறது. தவறினால் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே அது அவனைத் துரத்தும். முதல் பாதியை ஒப்புக்கொள்ள முடியாது. ஓராண்டுக்குள் வராத வருமானத்தை நம்பி ஓராண்டுக் கடன் வாங்கியவர் கைமாற்றுக்குப் போகாமல் வேறு எங்கே போவார்? மேலும் நகைக் கடனுக்கு, நான் மேலே சொன்ன வட்டி மானியம் கிடையாது. வேலை தேடும் அந்த ஓராண்டுப் பொறுமையும் கிடையாது.

கம்பம், பள்ளி ஆசிரியர்: இருவரும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். கல்லூரி மூன்று நாளில் கட்டணம் கேட்கிறது. வங்கி மூன்று வாரம் கேட்கிறது. நடுவில் நிற்கும் பெற்றோர் என்ன செய்வது?

இதற்காகத்தான் நகை. வங்கி ஒரு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பதே பொது விதி. ஆனால் கல்லூரியின் கெடு அதற்கும் முன்னால் வந்துவிடும். அப்போது முதல் தவணைக் கட்டணத்துக்கு மட்டும் நகையை வைத்து, கல்லூரி ரசீதைப் பத்திரப்படுத்திக்கொண்டு, அதே வாரத்தில் கல்விக் கடனுக்கு விண்ணப்பியுங்கள். ஏற்கெனவே கட்டிய கட்டணத்தை ரசீதின் பேரில் திருப்பித் தருவார்களா என்று விண்ணப்பிக்கும் முன்பே கிளையில் கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பணம் வந்த அன்றே நகையை மீட்டுவிட வேண்டும். கல்யாணம் வருகிறது, காய்ச்சல் வருகிறது என்று தள்ளினால் பழைய கதைதான்.

அதே வியாபாரி: ஆக, நான் சொன்னதே சரி.

மூன்று வாரத்துக்குச் சரி. மூன்று ஆண்டுக்குத் தவறு. இந்த வாதத்தை இத்துடன் நிறுத்துகிறேன். வேறு கேள்விகள் காத்திருக்கின்றன.

வண்டிப்பெரியாறு, தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் மகள்: நாங்கள் தமிழர்கள், ரேஷன் கார்டு கேரளத்தில். இங்கே தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தேன். மதுரையில் சேரப் போகிறேன். புதுமைப் பெண் திட்டத்தின் 1,000 ரூபாயும் முதல் பட்டதாரி சலுகையும் கிடைக்குமா? நாங்கள் பட்டியல் சாதியினர்.

இந்தக் கேள்விக்கு அலுவலகத்தில் யாரும் உட்கார வைத்துப் பதில் சொல்வதில்லை என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன், அம்மா. 1956 நவம்பர் 1 அன்று தேவிகுளமும் உங்கள் வண்டிப்பெரியாறு இருக்கும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றதிலிருந்து, வீட்டில் பேசும் மொழி ஒரு மாநிலமாகவும் காகிதம் இன்னொரு மாநிலமாகவும் ஆகிவிட்டன. உதவித்தொகை காகிதத்தைத்தான் பார்க்கும். புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது; தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலோ, அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியிலோ 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கானது அது; தமிழ்வழி என்பதற்காகப் பீர்மேட்டுப் பள்ளி அதில் சேராது. முதல் பட்டதாரி சலுகை, தமிழ்நாட்டு வருவாய்த் துறை தரும் சான்றிதழின் பேரில், கவுன்சிலிங் வழியாகத் தொழிற்படிப்பில் சேர்பவர்களுக்குக் கிடைப்பது. உங்களிடம் இருப்பது கேரளக் காகிதம்.

சாதிச் சான்றிதழைப் பற்றி இன்னும் கவனமாக இருங்கள். ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதிச் சான்றிதழ் இன்னொரு மாநிலத்தின் இட ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. ஆனால் பட்டியல் சாதி மாணவர்களுக்கான உயர்கல்வி உதவித்தொகையைச் சொந்த மாநிலமே தர வேண்டும் என்பது விதி. எனவே நீங்கள் கேட்க வேண்டிய இடம் இ-கிராண்ட்ஸ் என்ற கேரள அரசின் உதவித்தொகை இணையதளம். வெளி மாநிலத்தில் படிப்பவர்களுக்கு அதில் நிபந்தனைகள் உண்டு; அவற்றை இடுக்கி மாவட்டப் பட்டியல் சாதி வளர்ச்சி அலுவலகத்தில் மதுரையில் பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்; கட்டிய பிறகு கேட்டுப் பயனில்லை. இதைத் தவிர, பன்னிரண்டாம் வகுப்பில் உங்கள் தேர்வு வாரியத்தின் முதல் 20 சதவீதத்தினருக்குள் வந்து, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், மத்திய அரசின் ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகைக்குத் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். வேறு உதவித்தொகை வாங்கினால் இது கிடைக்காது. எது பெரிது என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

குமுளி, மாணவர்: கம்பத்துக் கிளையில் "உங்கள் வீடு எங்கள் எல்லைக்குள் இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கல்விக் கடனை அந்தக் காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் எழுத மாட்டார்கள், விண்ணப்பத்தை வாங்கிக்கொள்வார்கள்.

கூடலூர், தாய்: கணவரின் சிபில் மதிப்பெண் குறைவு. மகளுக்குக் கடன் கிடைக்குமா?

சிபில் என்பது பழைய கடன்களை ஒருவர் ஒழுங்காகக் கட்டினாரா என்பதற்கான மதிப்பெண். பெற்றோரின் மதிப்பெண் குறைவு என்பதற்காக மட்டும் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்திருக்கிறது. இருந்தாலும் கிளையில் தயங்குவார்கள். பழைய பாக்கி சிறியதாக இருந்தால் முதலில் அதை அடைத்து, பாக்கியில்லை என்ற சான்றிதழை வாங்கிக்கொண்டு போங்கள்.

கம்பம், மாணவர்: கல்லூரி நண்பர் ஒருவர், என் வங்கிக் கணக்கில் பணம் வந்து போனால் ஒவ்வொரு தடவைக்கும் கமிஷன் தருவதாகச் சொல்கிறார். விடுதிச் செலவுக்கு உதவுமே?

தம்பி, வேண்டவே வேண்டாம். அது யாரோ ஏமாந்த ஒருவரின் பணம். காவல்துறை முதலில் வந்து கதவைத் தட்டுவது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டில்தான். கேரளத்தில் இப்படிக் கணக்கை வாடகைக்கு விட்டு மாணவர்கள் வழக்கில் சிக்கியிருக்கிறார்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே வங்கியில் தெரிவித்து, 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். ஏ.டி.எம். அட்டை, பாஸ்புக், சிம் கார்டு எதையும் யாருக்கும் இரவல் தரக் கூடாது. உடன்பிறந்த அண்ணனாக இருந்தாலும் சரி.

வண்டிப்பெரியாறு, தந்தை: தனியார் கல்லூரியில் பணம் கட்டிய பிறகு அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தது. கட்டணமும் தர மறுக்கிறார்கள், அசல் சான்றிதழையும் தர மறுக்கிறார்கள்.

அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கவே கூடாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அறிவிப்பின்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாள் முன்னதாக விலகினால் சிறு செயலாக்கக் கட்டணம் போக முழுத் தொகையும், அதற்குப் பின் கடைசித் தேதிக்குள் விலகினால் 90 சதவீதமும், கடைசித் தேதி கடந்து 15 நாளுக்குள் 80 சதவீதமும், 30 நாளுக்குள் 50 சதவீதமும் திருப்பித் தர வேண்டும். எனவே இன்றே பதிவுத் தபாலில் விலகல் கடிதம் அனுப்புங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டுக்கொண்டே இருந்தால் நாள்தான் கழியும்.

கம்பம், மாணவி: அப்பாவின் சிபில் குறைவு, கடன் கிடைக்குமா?

மேலே கூடலூர் அம்மாவுக்குச் சொன்னதைப் படிக்கவும்.

குமுளி, தாய்: ஏஜென்ட் ஒருவர் 15,000 ரூபாய் கொடுத்தால் வெளி மாநில நர்சிங் இடமும் கடனும் சேர்த்து வாங்கித் தருவதாகச் சொல்கிறார்.

கடன் வாங்க யாருக்கும் கமிஷன் தர வேண்டியதில்லை. கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் நீங்களே விண்ணப்பத்தை அனுப்பலாம். நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களுக்கு வங்கிகள் எளிதில் கடன் தருவதில்லை. ஏஜென்டிடம் அந்தக் கல்லூரியின் நர்சிங் கவுன்சில் அங்கீகாரக் கடிதத்தைக் கேளுங்கள். மகளின் கணக்கு விவரத்தையும் கேட்டிருப்பார், கொடுக்காதீர்கள்.

மதுரையில் படிக்கும் கூடலூர் மாணவர்: தோட்டத்தில் ஒவ்வொரு சுற்றுக் காய் பறித்த பிறகுதான் அப்பா பணம் அனுப்புகிறார். இருபது நாளில் தீர்ந்துவிடுகிறது.

பணம் வந்த அன்றே மெஸ் பில்லைக் கட்டிவிடுங்கள். அடுத்த மாதத்துக்குரியதையும் முடிந்தால் கட்டுங்கள். அப்பா மாதந்தோறும் அனுப்ப முடியாதவர்; எனவே அடுத்த பறிப்பு எத்தனை வாரம் கழித்து என்று அவரிடம் கேட்டு, மீதியை அத்தனை வாரமாகப் பிரித்து, வாரத்துக்கு ஒருமுறை மட்டும் ரொக்கமாக எடுங்கள். கைபேசியில் பத்தும் இருபதுமாகப் போவது கண்ணில் படாது. நோட்டு குறைவது கண்ணில் படும். கடன் செயலிகளைக் கைபேசியிலிருந்து நீக்கிவிடுங்கள். கணக்கை வாடகைக்குக் கேட்டு விடுதியில் யாரேனும் வருவார்கள். மேலே எழுதியதை அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

கம்பம், தந்தை: என் சிபில் மதிப்பெண்...

இரண்டு முறை எழுதிவிட்டேன், ஐயா.