சாட்சி கேட்டவள்

அன்புள்ள ஐயா,

கிரேக்கத் தொன்மத்தில் வரும் கசாண்ட்ராவைப் பற்றி அண்மையில் படித்தேன். நடக்கப்போவது அவளுக்குத் தெரியும்; சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நான் ஓர் ஆலையின் பாதுகாப்புப் பிரிவில் பொறியாளர். ஒரு பாய்லரின் சேஃப்டி வால்வு சரியில்லை என்று மூன்று முறை எழுதிக் கொடுத்துவிட்டேன். ‘இந்தம்மாவுக்கு எப்போதும் அபசகுனப் பேச்சுதான்’ என்கிறார்கள். கேட்க ஆள் இல்லாதபோது எதற்குச் சொல்ல வேண்டும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்த வால்வு இரண்டு நாட்களாக என் மனதை விட்டு அகலவில்லை.

கசாண்ட்ரா டிராய் மன்னன் பிரியாமின் மகள். அவளுக்கு வருவதுரைக்கும் வரத்தைக் கொடுத்த அப்பல்லோ, அவள் தன்னை ஏற்க மறுத்ததும் அவள் சொல் எடுபடாதபடி சபித்தான். பலரும் கதையை இந்தச் சாபத்தோடு முடித்துக்கொள்கிறார்கள். கி.மு. 458இல் அரங்கேறிய எஸ்கிலஸின் ‘அகமெம்னன்’ நாடகத்தில், கேட்பவர்கள் எப்படி நம்பாமல் இருக்கிறார்கள் என்று பாருங்கள். டிராயை வென்ற கிரேக்க மன்னன் அகமெம்னனின் போர்க் கைதியாக வந்தவள் அவன் அரண்மனை வாசலில் நின்று, அந்த வீட்டில் முன்பு கொலையுண்ட குழந்தைகளைப் பற்றிச் சொல்கிறாள். கடல் கடந்து வந்தவளுக்கு இது எப்படித் தெரிந்தது என்று ஊர்ப் பெரியவர்கள் வியக்கிறார்கள். நடந்ததைச் சொன்னால் நம்புகிறார்கள். அகமெம்னன் சாகப்போகிறான் என்றதும் வாயை அடக்கச் சொல்கிறார்கள். பிறகு, எந்த ஆண் அதைச் செய்யப்போகிறான் என்று கேட்கிறார்கள்! அவள் அதுவரை பேசியதெல்லாம் ஒரு பெண்ணைப் பற்றி, அவனைக் கொல்லப்போகும் அவன் மனைவியைப் பற்றி. இரத்த வாடை அடிக்கிறது என்று வாசலில் பின்வாங்குகிறாள். உள்ளே பலி கொடுக்கிறார்கள், அந்த வாடைதான் என்று சமாதானம் சொல்கிறார்கள்.

இதற்கு தெய்வ சாபம் எதுவும் தேவையில்லை. அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலத்தின் ராக்கெட்டைத் தயாரித்த நிறுவனத்தில் ராஜர் போஜலே என்ற பொறியாளர் இருந்தார். 1985 ஜனவரியில், குளிர்நாள் ஒன்றில் ஏவப்பட்ட ராக்கெட்டின் இணைப்பைப் பிரித்தபோது, சூடான வாயு கசியாமல் அடைக்க வேண்டிய ரப்பர் வளையங்களுக்கு நடுவே கிரீஸ் கரியாகக் கறுத்திருந்ததைப் பார்த்தார். உயிர்கள் போகும் என்று ஜூலையில் எழுதிக் கொடுத்தார். 1986 ஜனவரி 27 இரவு, இந்தக் குளிரில் ஏவாதீர்கள் என்று அவரும் சக பொறியாளர்களும் மன்றாடினார்கள். மேலாளர்கள் கேட்கவில்லை. மறுநாள் காலை, கிளம்பிய 73ஆவது விநாடியில் கலம் சிதறி ஏழு பேர் இறந்தார்கள்.

அவர் எழுதிய காகிதங்கள் விசாரணைக் குழுவின் முன் பேசின. அவற்றை அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். அதற்காக நிறுவனத்தில் ஒதுக்கப்பட்டார், வேலையை விட்டார். அந்த விலையை உங்களிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

கசாண்ட்ரா கடைசியில் கேட்டதும் இப்படி ஒரு சாட்சியைத்தான். வருவதுரைப்பவள் என்பதற்கு அடையாளமான கோலையும் மாலைகளையும் கழற்றி எறிந்துவிட்டு, நம்புங்கள் என்று அவள் கெஞ்சவில்லை. நான் செத்த பிறகு எனக்குச் சாட்சி சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டு உள்ளே போகிறாள். அவள் கையில் காகிதம் இல்லை. அந்தக் கிழவர்களின் நினைவை மட்டுமே நம்ப முடிந்தது.

உங்களிடம் காகிதம் இருக்கிறது. உங்கள் பாய்லர் இன்னும் வெடிக்கவில்லை. நான்காவது கடிதத்தை எழுதுங்கள். அழுத்தமானியின் அளவு, பார்த்த தேதி, நேரம் எல்லாவற்றையும் குறிப்பிட்டு, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். ஒரு பிரதி அரசின் கொதிகலன் ஆய்வாளருக்குப் போகட்டும், இன்னொன்று உங்கள் வீட்டில் இருக்கட்டும். அந்த பாய்லர் அருகில் எந்த ஷிஃப்டில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.