குறட்டை நின்றுவிட்டது, எனக்குத்தான் தூக்கம் வரவில்லை

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. பல வருடக் குறட்டைக்குப் பிறகு ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய், என்று கண்டுபிடித்தார்கள். மூன்று வாரமாக, மாஸ்க் வழியாகக் காற்றை ஊதித் தொண்டையை மூடவிடாமல் வைக்கும் சிபேப் மெஷின் போட்டுத் தூங்குகிறார். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற மாஸ்க். பகலில் அவர் நன்றாகத் தெளிந்துவிட்டார். எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது. நடுராத்திரியில் 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம், என் முகத்தில் ஜில்லென்று காற்று. சில இரவு சத்தமே இல்லாமல் கிடக்கிறார். மூச்சு இருக்கிறதா என்று எழுந்து பார்க்கிறேன். கரண்ட் போனால் என்ன ஆகும் என்ற பயம் வேறு. கொஞ்ச நாள் வேறு அறையில் படுக்கட்டுமா என்று கேட்கக்கூடக் கூச்சமாக இருக்கிறது. நான் சுயநலமாக யோசிக்கிறேனோ?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இதில் சுயநலம் எதுவும் இல்லை. மாஸ்க் பொருத்திவிடுவதும், அதற்குப் பிறகு வருகிறவர்களின் சிரமங்களைக் கேட்டுச் சரிசெய்வதும் பல வருடமாக என் வேலை. மெஷின் போடுகிறவரிடம் எல்லோரும் விசாரிப்பார்கள். பக்கத்தில் படுப்பவர் எப்படித் தூங்குகிறார் என்று கேட்க ஆள் இருக்காது. அதனால் நீங்கள் எழுதியது நல்லது.

உங்கள் கடிதத்தில் இரண்டு சங்கதிகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று மாஸ்க்கிலிருந்து வருகிறது. அதைச் சில நாட்களிலேயே பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். இன்னொன்று பல வருடமாக உங்கள் உடம்பில் ஊறிப்போனது. அதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

முதலில் அந்தச் சத்தம். 1980-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் இந்தச் சிகிச்சையைக் கொண்டுவந்தபோது, வேக்குவம் கிளீனர் மோட்டாரை வைத்துத்தான் காற்றை ஊதினார்கள். அந்தக் காலத்து மெஷின் பக்கத்தில் படுத்தவர்கள் பாவம். இன்றைய மெஷின் ஒழுங்காக ஓடினால் 25 முதல் 30 டெசிபல்தான், காதோடு ரகசியம் பேசுகிற அளவு. பலத்த குறட்டை 60 டெசிபலையே தாண்டும். அதனால் பக்கத்தில் படுப்பவரை எழுப்புகிற அளவுக்கு ஒரு சத்தம் வருகிறது என்றால், எங்கோ காற்று ஒழுகுகிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். 'மெஷின் என்றால் இப்படித்தான், பழகிக்கொள்' என்று யார் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஒழுகல் உங்கள் தூக்கத்தையும் கெடுக்கும், அவருக்குப் போய்ச் சேர வேண்டிய பிரஷரையும் குறைக்கும்.

இன்று இரவு ஒன்று செய்து பாருங்கள். அவர் மாஸ்க் போட்டுப் படுத்து, மெஷின் ஓட ஆரம்பித்ததும், உங்கள் உள்ளங்கையை மாஸ்க்குக்கு இரண்டு விரல் தள்ளிப் பிடித்து மெதுவாகச் சுற்றி நகர்த்துங்கள். முன்பக்கம், டியூப் வந்து சேரும் இடத்துக்கு அருகில், பொடிப்பொடி ஓட்டைகள் வழியாக ஒரே சீராகக் காற்று வரும். அது வர வேண்டிய காற்று. அவர் வெளிவிடும் கரியமில வாயு அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது. போர்வையோ துணியோ போட்டு அதை ஒருபோதும் அடைக்கக் கூடாது. இனி கையை மேலே கொண்டுபோங்கள். மூக்குத்தண்டின் இரு பக்கம், கண்ணுக்குக் கீழே, கன்னம், தாடை ஓரம். இந்த இடங்களில் காற்று கையில் பட்டால் அதுதான் ஒழுகல். சத்தத்திலும் வித்தியாசம் தெரியும். ஓட்டைக் காற்று மெல்லிய, மாறாத இரைச்சல். ஒழுகல் சீறும், விசிலடிக்கும், சில சமயம் ஈர உதடு படபடப்பது போல் அடித்துக்கொள்ளும்.

ஒழுகினால் உடனே ஸ்ட்ராப்பை இறுக்கத்தான் எல்லோருக்கும் கை போகும். அங்கேதான் தப்பு நடக்கிறது. அளவுக்கு மீறி இறுக்கினால் சிலிக்கான் ஓரம் மடங்கி இன்னும் அதிகமாக ஒழுகும், மூக்குத்தண்டில் புண்ணும் வரும். கண்ணாடி முன் உட்கார்ந்து மாஸ்க்கைச் சரிசெய்துவிட்டுப் போய்ப் படுப்பதும் பலன் தராது. படுத்ததும் கன்னத்துச் சதை சரிந்து முகத்தின் வடிவமே மாறிவிடும். அதனால் படுத்த நிலையில், மெஷின் ஓடும்போதே பொருத்த வேண்டும். ஸ்ட்ராப்பைக் கொஞ்சம் தளர்த்தி, மாஸ்க்கை முகத்திலிருந்து லேசாகத் தூக்கி, காற்றில் அந்த ஓரம் உப்பியதும் மறுபடி உட்காரவிடுங்கள். பிறகு இரண்டு பக்கமும் ஒரே அளவாக, ஒழுகல் நிற்கும் வரை மட்டும் இழுங்கள். பல மெஷின்கள் ஆரம்பத்தில் குறைந்த பிரஷரில் ஓடி, மெல்ல மெல்ல ஏறும். படுக்கும்போது சரியாக இருந்த மாஸ்க் நடுராத்திரியில் சீறுவதற்கு அதுவும் ஒரு காரணம். சில மெஷின்களில் முழு பிரஷரைக் கொடுத்து மாஸ்க் பொருத்தத்தைச் சோதிக்கும் வசதி உண்டு, அதைப் பயன்படுத்துங்கள்.

முகத்து எண்ணெய் ஒரு பெரிய எதிரி. படுக்கும் முன் அவர் முகம் கழுவ வேண்டும். மாஸ்க்கின் முகத்தில் படும் பகுதியைத் தினமும் மென்மையான சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைக்க வேண்டும். தாடி இருந்தால் ஒழுகல் கூடும். அவர் ஒருக்களித்துப் படுப்பவரானால் தலையணை மாஸ்க்கைத் தள்ளிக்கொண்டே இருக்கும். முகம் தலையணை விளிம்பைத் தாண்டி இருக்கும்படி படுக்கலாம், அல்லது ஓரம் வெட்டிய சிபேப் தலையணை வாங்கலாம். இவ்வளவுக்குப் பிறகும் நிற்கவில்லை என்றால் மாஸ்க்கின் அளவையோ வகையையோ மாற்ற வேண்டும். வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க்குக்கு முகத்தில் ஒட்டி நிற்க வேண்டிய பரப்பு அதிகம், ஒழுகும் வாய்ப்பும் அதிகம். மூக்கடைப்பு இல்லாதவர், வாயை மூடித் தூங்குபவர் என்றால் மூக்குக்கு மட்டுமான சிறிய மாஸ்க் அவருக்குப் போதுமா என்று அடுத்த முறை போகும்போது அவசியம் கேளுங்கள். நீங்களாக மாற்ற வேண்டாம்.

உங்கள் முகத்தில் அடிக்கும் காற்று ஒழுகலாக இருக்கலாம், அந்த ஓட்டைக் காற்றாகவும் இருக்கலாம். ஓட்டைக் காற்றை ஒரே திசையில் பீச்சாமல் பரப்பிவிடும் மாஸ்க்குகள் இப்போது இருக்கின்றன. அதுவரை, உங்கள் இருவருக்கும் நடுவில் நெஞ்சு உயரத்தில் ஒரு நீள் தலையணை போடலாம், அவர் மாஸ்க்கை அது தொடாமல் இருக்க வேண்டும். தனித்தனிப் போர்வையும் உதவும்.

டியூபுக்குள் தண்ணீர் களகளவென்று ஓடும் சத்தம் கேட்டால், மெஷின் தன் தொட்டித் தண்ணீரால் ஈரமாக்கி அனுப்பும் காற்று குளிர்ந்து உள்ளேயே தண்ணீராகிறது என்று அர்த்தம். மெஷினைப் படுக்கை மட்டத்துக்குக் கீழே வையுங்கள், ஈரப்பத அளவை ஒரு படி குறையுங்கள். சூடாகும் டியூப் இருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விடும். மெஷின் மேஜையோடு சேர்ந்து அதிர்ந்தால் அடியில் ஒரு ரப்பர் விரிப்பு. ஃபில்டரில் தூசி சேர்ந்தால் இரைச்சல் கூடும். டியூபைத் தலைமாட்டுக்கு மேலாகக் கொண்டுவந்தால் அவர் திரும்பும்போது இழுபடாது.

உங்களுக்குப் பேஸ்மேக்கர் போன்ற கருவி உடம்புக்குள் இருந்தால் ஒரு எச்சரிக்கை. சில மாஸ்க்குகளின் கிளிப்பில் காந்தம் இருக்கும். போடுகிறவருக்கு மட்டுமல்ல, பக்கத்தில் படுப்பவருக்கும் அது பொருந்தும். கருவிக்கும் காந்தத்துக்கும் நடுவே குறைந்தது 15 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். அணைத்துப் படுக்கும்போது அந்த இடைவெளி இருக்காது. காந்தம் இல்லாத மாஸ்க் கேட்டு வாங்குங்கள்.

இப்போது இரண்டாவது சங்கதி. என்னைக் கேட்டால் இதுதான் பெரியது.

ஸ்லீப் ஆப்னியாவில் தொண்டை மூடிக்கொண்டு 10 விநாடிக்கு மேல் மூச்சு நின்று நின்று வரும். தீவிரமானவர்களுக்கு மணிக்கு 30 தடவைக்கு மேல். அதன் சத்தம் உங்களுக்கு மனப்பாடம்: குறட்டை ஏறும், சட்டென்று நிற்கும், அப்புறம் பெரிதாக ஒரு மூச்சு வாங்கல். அந்த நடு இடைவெளியில்தான் நீங்கள் பல வருடம் முழித்திருந்தீர்கள். அமைதி என்றால் ஆபத்து என்று உங்கள் உடம்பு கற்றுக்கொண்டிருக்கிறது. இப்போது ராத்திரி முழுக்க அமைதி. அது உங்களை எழுப்பாமல் என்ன செய்யும்?

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். பல வருடம் துண்டு துண்டாகத் தூங்கியவருக்கு, சிகிச்சை தொடங்கிய முதல் நாட்களில் கனவுத் தூக்கமும் ஆழ்ந்த தூக்கமும் விட்டதைப் பிடிப்பது போல் அதிகமாக வரும். கனவுத் தூக்கத்தில் கைகால் தசைகள் தளர்ந்து கிடக்கும். புரண்டு புரண்டு படுத்தவர் மரக்கட்டை மாதிரி கிடப்பதைப் பார்த்து மனைவிமார் பயந்துபோவது நான் அடிக்கடி கேட்பது. அது நல்ல தூக்கம்.

அவரை உலுக்கிப் பார்க்க வேண்டாம். ஒரு இரவு, ஐந்து நிமிடம், கண்ணை மூடிக்கொண்டு அந்த ஓட்டைக் காற்றின் சத்தத்தைக் கேளுங்கள். அவர் மூச்சை இழுத்து விடுவதற்கேற்ப அது லேசாக ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் அவர் மூச்சு. ஒருமுறை காதுக்குப் பிடிபட்டுவிட்டால் எழுந்து முகத்துக்கு அருகே குனிய வேண்டிய அவசியம் இருக்காது. காலையில் இருவருமாக மெஷின் திரையையோ போன் செயலியையோ பாருங்கள். எத்தனை மணி நேரம் போட்டார், எவ்வளவு ஒழுகியது, மணிக்கு எத்தனை தடவை மூச்சு தடைப்பட்டது என்று இருக்கும். அந்த எண்ணிக்கை 5-க்குக் கீழே இருந்தால் நல்ல கட்டுப்பாடு. மெஷின் உங்களை எழுப்பிச் செய்தி சொல்லாது. ஆனால் அவருடைய தொண்டையை மூடவிடாமல் காற்றால் தாங்கிப் பிடிக்கும் வேலையை ராத்திரி முழுக்கச் செய்கிறது. நீங்கள் காதால் பார்த்துவந்த காவலை அதனிடம் ஒப்படைக்கலாம்.

இதில் நம்பிக்கை வர ஒரு தகவல். 1999-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை மருத்துவர்கள் 10 தம்பதிகளை ஒரே இரவில் கவனித்தார்கள், பாதி இரவு மெஷின் இல்லாமல், மீதி மெஷினோடு. கூடப் படுத்தவர்களுக்கு மணிக்கு 21 தடவை கலைந்த தூக்கம் 12 தடவையாகக் குறைந்தது. படுத்திருந்த நேரத்தில் 74 சதவீதம் தூங்கியவர்கள் 87 சதவீதம் தூங்கினார்கள். எட்டு மணி நேரப் படுக்கைக்குக் கணக்கிட்டால் ஒரு மணி நேரத் தூக்கம் கூடுதல்.

கரண்ட் போனால் மூச்சு முட்டாது. அவருடைய மாஸ்க் போல வாயையும் மூடுகிற வகையில் ஒரு பாதுகாப்பு வால்வு இருக்கிறது. காற்று நின்றதும் அது தானாகத் திறந்து அறைக் காற்றை உள்ளே விடும். மூக்குக்கு மட்டுமான மாஸ்க் என்றால் வாய் வழியே மூச்சு விடலாம். பெரும்பாலானவர்கள் முழித்துக்கொண்டு மாஸ்க்கைக் கழற்றிவிடுவார்கள். அன்று மீதி இரவு ஒருக்களித்துப் படுக்கட்டும். அடிக்கடி கரண்ட் போகிற வீடு என்றால் பேட்டரி பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

நீங்கள் கவனித்து மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை உண்டு. மாஸ்க்கோடும் குறட்டை கேட்டால் பிரஷர் போதவில்லை, அல்லது ஒழுகுகிறது. குறட்டையே இல்லாமல், அந்த ஏற்ற இறக்கம் அடிக்கடி நின்று நின்று வந்தால் அதையும் சொல்லுங்கள். ஆரம்ப வாரங்களில் சிலருக்கு மூளையிலிருந்து மூச்சுக்கான உத்தரவு விட்டுவிட்டு வருவதுண்டு, பெரும்பாலும் தானாகச் சரியாகும், ஆனால் மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். தூக்கத்திலேயே மாஸ்க்கைக் கழற்றி எறிவது, வண்டி ஓட்டும்போது கண் சொருகுவது, இரண்டுக்கும் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம்.

வேறு அறை? தாராளமாக, சில நாள். ஆனால் பகலில், சாவகாசமாக உட்கார்ந்து பேசிச் செய்யுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குத் தலையணையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனால், 'என் மெஷினால்தானே' என்று அவர் மாஸ்க்கையே கழற்றி வைத்துவிடுவார். 'ஒழுகலைச் சரிசெய்யும் வரை, வரும் ஞாயிறு வரை' என்று நாள் குறித்துச் சொல்லுங்கள். போகும் முன் அவர் மாஸ்க் போட்டுக் கண் அசரும் வரை பக்கத்தில் இருங்கள். மாஸ்க்கோடு பேசுவது சிரமம் என்பதால், பேச வேண்டியதும் நெருக்கமாக இருக்க வேண்டியதும் அதற்கு முன்பே நடக்கட்டும். தூக்கம் வரும்போதுதான் மாஸ்க். அதுவரை அது படுக்கையில் உங்கள் நடுவே வர வேண்டியதில்லை. 'போட்டீங்களா, போட்டீங்களா' என்ற விசாரணை பலன் தருவதில்லை. தண்ணீர்த் தொட்டியை நிரப்பி வைப்பது, மாஸ்க்கைச் சேர்ந்து சரிசெய்வது, 'இன்றைக்கு முகம் தெளிவாக இருக்கிறது' என்று சொல்வது, இவைதான் ஒருவரைத் தொடர்ந்து போட வைக்கின்றன.

ஒழுகல் நின்ற பிறகு மிச்சமிருக்கும் மெல்லிய இரைச்சல் தொந்தரவாக இருந்தால் நீங்கள் காதடைப்பான் வைத்துக்கொள்ளலாம். ஒழுகலைத் தேடும் நாட்களில் மட்டும் வேண்டாம். எல்லாம் சரியான பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் தூக்கம் வரவில்லை என்றால் அது உங்கள் தூக்கமின்மை, அதற்குத் தனியாக மருத்துவம் உண்டு. மாத்திரை இல்லாமல் தூக்கப் பழக்கத்தை மாற்றும் சிகிச்சைதான் முதலில் பரிந்துரைக்கப்படுகிறது. பல வருடம் குறட்டைக்கு நடுவே கிடந்ததால் உங்கள் சொந்தக் குறட்டையை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்; அதையும் ஒருமுறை அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

அவருடைய அடுத்த சந்திப்புக்கு நீங்களும் கூடப் போங்கள். அதற்கு முன் ஒரு ராத்திரி, அந்த 'உஸ்ஸ்' வரும்போது போனில் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். அவர் அப்போது எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார் என்றும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு நிமிடச் சத்தம் கையில் இருந்தால் மாஸ்க் பொருத்துகிறவருக்குப் பாதி வேலை முடிந்தது.