ஸ்காட்லாந்தில் ஆறாம் ஆண்டில் அட்வான்ஸ்டு ஹையர் கணிதம் அவசியமா?

இடைநிலைப் பள்ளியின் ஐந்தாம் ஆண்டிலேயே, பல்கலைக்கழக நுழைவுக்கு உதவும் ஹையர் என்னும் தகுதித் தேர்வில் கணிதத்துக்கு ஏ தரம் பெற்றுவிட்ட ஒரு மாணவர், பள்ளியின் கடைசி ஆண்டான ஆறாம் ஆண்டில், அதற்கு அடுத்த நிலையான அட்வான்ஸ்டு ஹையர் கணிதத்தையும் படிக்க வேண்டுமா என்பது கேள்வி. பொறியியல், இயற்பியல், கணிதம் ஆகியவற்றில் ஒன்றை நாடுபவராக இருந்தால், கட்டாயம் இல்லாத இடத்திலும் படிப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

ஸ்காட்லாந்தின் தகுதிக் கட்டமைப்பில் ஹையர் ஆறாம் நிலையிலும், அட்வான்ஸ்டு ஹையர் பல்கலைக்கழக முதலாண்டுக்கு ஒப்பான ஏழாம் நிலையிலும் உள்ளன. கலப்பெண்கள், அணிகள், வகைக்கெழுச் சமன்பாடுகள், மெக்லாரின் தொடர், யூக்ளிடின் வழிமுறை என்று பாடப்பரப்பு விரிந்தாலும், எனக்கு அதில் மிக மதிப்புடையதாகத் தோன்றுவது நிரூபணப் பகுதிதான். விடையைக் கண்டுபிடித்தால் போதும் என்று பழகிய மாணவர், கணிதத் தொகுத்தறிதல் வழியாகவும் முரண்பாட்டின் வழியாகவும் ஒரு கூற்று ஏன் உண்மையாகியே தீரும் என்று எழுதிக் காட்ட இங்கேதான் கற்கிறார். அந்தப் பழக்கம் வர மாதங்கள் பிடிக்கும் என்பதால், ஆண்டின் தொடக்கத்தில் மதிப்பெண் குறைவதைக் கண்டு விலகிவிட வேண்டாம்.

தேர்வில் கணிப்பான் இல்லாத முதல் தாளுக்கு 35 மதிப்பெண், கணிப்பானுடன் எழுதும் இரண்டாம் தாளுக்கு 80. பிரிட்டனில் பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் அமைப்பின் புள்ளிக் கணக்கில் இதன் ஏ தரத்துக்கு 56 புள்ளிகள். இங்கிலாந்தின் பள்ளியிறுதித் தேர்வான ஏ லெவலில் மிக உயர்ந்த தரமான ஏ ஸ்டார் பெறுபவருக்கும் அதே 56தான்.

ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் ஹையர் முடிவுகளைக் கொண்டே இடம் தருகின்றன. ஆனால் நான்காண்டுப் பட்டத்தின் முதலாண்டுக் கணிதத்தில் கணிசமான பகுதி இதையே மீண்டும் தொடுவதால், முன்பே படித்தவருக்குச் சுமை வெகுவாகக் குறையும்.