மறு: காதல் குறும்படத்துக்குக் காடு தேடுகிறேன்

நண்பருக்கு வணக்கம். காதலர்கள் பிரியும் காட்சியைக் காட்டில் எடுக்க வேண்டும், ஆனால் கடலூரிலிருந்து படக்குழுவை மலைக்கு அழைத்துச் செல்லப் பணம் போதவில்லை என்று எழுதியிருந்தீர்கள். சிதம்பரத்திலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் உள்ள பிச்சாவரத்தையே, அதாவது கடலோர உவர்நீரில் மரங்கள் வளர்ந்து நிற்கும் அலையாத்திக் காட்டையே, தேர்ந்தெடுங்கள். எம்.ஜி.ஆர். நடித்து 1975-ல் வெளிவந்த 'இதயக்கனி'யின் காட்சிகள் அங்கே படமானவை என்பது நம் பகுதிக்காரர்களுக்குப் பெருமை. மலைக்காட்டில் இருவரும் ஆளுக்கொரு பாதையில் விலகி நடந்துவிடலாம். அலையாத்திக் காட்டிலோ பேச்சு முடிந்த பின்னும் ஒரே படகில் எதிரெதிரே அமர்ந்து கரைவரை திரும்பியாக வேண்டும் என்பதால், உங்கள் காட்சியின் வலி அங்கேதான் முழுமையாக வெளிப்படும் என்று நம்புகிறேன்.

ஒன்றில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. கடல் ஓதத்தால் நீர்மட்டம் நாளுக்கு இருமுறை ஏறி இறங்குவதால், காலையில் நீருக்குள் மறைந்திருந்த சுரபுன்னை மரங்களின் வேர்கள் சில மணி நேரத்தில் சேற்றுக்கு மேல் தெரியத் தொடங்கும். ஆகவே ஒரே உரையாடலின் அண்மைக் காட்சிகளையும் தொலைக் காட்சிகளையும் நீர்மட்டம் மாறுவதற்குள் அடுத்தடுத்து எடுத்துவிடுங்கள். மரங்கள் கூரைபோல் கவிந்த குறுகிய கால்வாய்களில் வெளிச்சம் குறைவு என்பதால், முகங்கள் தெரிய வேண்டிய பகுதிகளை அகன்ற நீர்ப்பரப்பில் வைத்துக்கொள்வது நல்லது. வனத்துறையின் அனுமதியை முன்கூட்டியே பெறுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்காலத்தைத் தவிர்த்துவிடுங்கள்.