திருவனந்தபுரத்தில் நடக்க என்ன இருக்கிறது?

வணக்கம் சார்,

போன ஞாயிறு மனைவி, இரண்டு பையன்களோடு திருவனந்தபுரம் போய்வந்தோம். காலையில் மிருகக்காட்சி சாலை, மதியம் ஒரு மால், சாயங்காலம் கோவளம். ஆட்டோவுக்கே பாதிக் காசு போய்விட்டது. ராத்திரி வீட்டுக்கு வந்தபிறகு என்ன பார்த்தோம் என்று கேட்டால் பையன்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் அந்த ஊரை நடந்தே சுற்றுவதாக ஒரு கூட்டத்தில் சொன்னீர்கள். பிள்ளைகளோடு ஒரு பகல் நடந்து பார்க்க அங்கே அப்படி என்ன சார் இருக்கிறது?

செல்வின், மார்த்தாண்டம்

அன்புள்ள செல்வின்,

ஒரே நாளில் மூன்று திசைக்கு ஓடியிருக்கிறீர்கள். கோவளத்தை விட்டுவிடுங்கள். குளச்சலையும் முட்டத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடல் பார்க்க அவ்வளவு தூரம் எதற்கு? மாலில் ஏசி நன்றாக இருந்திருக்கும், அவ்வளவுதான்.

நம் மாவட்டத்துக்காரர்களுக்குத் திருவனந்தபுரம் என்றால் ஆஸ்பத்திரி, இல்லையென்றால் ஏர்போர்ட். வேலை முடிந்ததும் பஸ் ஏறிவிடுவோம். ஆனால் கிழக்கேகோட்டையிலிருந்து எம்.ஜி. ரோடு வழியாக மியூசியம் வரை, சுமார் நாலு கிலோமீட்டர் நடந்து பாருங்கள். அந்த ஊரை உருவாக்கியதில் நம் பக்கத்து ஆட்களுக்கு எவ்வளவு பங்கு என்பது தெரியும்.

குழித்துறையில் காலை ரயிலைப் பிடித்துத் தம்பானூரில் இறங்குங்கள். பஸ் ஸ்டாண்டை ஒட்டி, கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. சுழன்று சுழன்று மேலே ஏறும் சிவப்புக் கட்டடம், சரிவிலேயே மேசைகள். பையன்கள் உச்சிவரை ஏறாமல் உட்கார மாட்டார்கள். மசால்தோசைக்குள் பீட்ரூட் இருக்கும், பயப்பட வேண்டாம்.

அப்புறம் கிழக்கேகோட்டை. பத்மநாபசுவாமி கோயிலுக்குள் இந்துக்களுக்கு மட்டும்தான் அனுமதி. ஆண்கள் சட்டையைக் கழற்றி வேட்டி கட்டவேண்டும். உள்ளே போகாதவர்கள் பத்மதீர்த்தக் குளக்கரையில் நின்று கோபுரத்தைப் பார்க்கலாம். கேரளக் கோயில் என்றால் ஓட்டுக்கூரைதான் நினைவுக்கு வரும். இதுவோ ஏழு நிலைக் கோபுரம், நம் சுசீந்திரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. குளத்துப் பக்கத்திலேயே மேத்தன் மணி என்ற கடிகாரம். மணி அடிக்கும்போது ஒரு தாடிக்காரர் வாயைத் திறப்பார், இரண்டு பக்கமும் ஆட்டுக்கடாக்கள் அவர் கன்னத்தில் முட்டும். அதற்காகக் காத்து நிற்கலாம், தப்பில்லை.

பக்கத்தில் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் கட்டிய குதிரைமாளிகை. கூரைக்குக் கீழே வரிசையாக 122 மரக்குதிரைகள். எண்ணச் சொன்னால் பையன்கள் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார்கள். அவர்கள் பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்திருக்கிறார்களா? இல்லையென்றால் முதலில் தக்கலைக்குக் கூட்டிப்போங்கள். 1795இல் திருவிதாங்கூரின் தலைநகரம் அங்கிருந்துதான் இங்கே வந்தது. அந்த மரவேலையைப் பார்த்த கண்ணோடு இங்கே வந்தால்தான் சுவை.

சாலைக் கம்போளம் என்ற சந்தை எதிரிலேயே. மசாலாவும் பாத்திரமும் மூட்டை இறக்கும் சத்தமுமாக இருக்கும். தமிழில் பேசியே சாமான் வாங்கலாம். இந்தச் சந்தையை உண்டாக்கிய திவான் ராஜா கேசவதாசன் பிறந்தது விளவங்கோட்டுக் குன்னத்தூரில். உங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர்தான்.

வடக்கே நடந்தால் தலைமைச் செயலகம். முன்னால் வேலுத்தம்பி தளவாயின் சிலை. 1809இல் ஆங்கிலேயரை எதிர்த்துக் குண்டறையில் அறிக்கை விட்டவர், இரணியலுக்கு அருகே தலக்குளத்துக்காரர். இங்கே கொஞ்சம் நில்லுங்கள். குமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்த 1956 நவம்பர் 1ஆம் தேதி வரை நம் ஊர் நிலத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உத்தரவு போனது இந்தக் கட்டடத்திலிருந்துதான். ஒரு காலத்தில் மனு எழுதிக்கொண்டு நம் பெரியவர்கள் வந்து நின்ற வாசல் இது. பையன்களுக்கு இதைச் சொல்ல எந்த வழிகாட்டியும் வரமாட்டார், நீங்கள்தான் சொல்லவேண்டும்.

பாளையத்தில் பள்ளிவாசல், கத்தீட்ரல், பிள்ளையார் கோயில் மூன்றும் அடுத்தடுத்து. பார்த்துக்கொண்டே நடந்தால் மியூசியம் வந்துவிடும். 1880இல் முடிந்த கட்டடம். சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸைக் கட்டிய சிசோல்ம்தான் இதையும் வடிவமைத்தார். வளாகத்தில் ரவிவர்மா ஓவியங்களும் உண்டு. மிருகக்காட்சி சாலையும் அங்கேயே, ஆனால் அதைத்தான் பார்த்துவிட்டீர்களே.

மியூசியத்தை மாலை ஐந்து மணிக்குள் மூடிவிடுவார்கள், அதனால் சாலைச் சந்தையில் ரொம்ப நேரம் நிற்காதீர்கள். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம்: மியூசியம், குதிரைமாளிகை, பத்மநாபபுரம் மூன்றுக்கும் விடுமுறை. சின்னவனுக்குக் கால் வலித்தால் பாளையத்திலேயே பஸ் ஏறிவிடுங்கள்.